இருபது செடிக்கு எத்தனை புழு

அவரை எல்லோரும் பம்பு என்றுதான் கூப்பிட்டார்கள். வயதில் சிறியவர்கள் மட்டும் கூடவே ஓர் அண்ணனைச் சேர்த்துக்கொண்டார்கள். பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. பதினாறு லிட்டர் தெளிப்பானை முதுகில் மாட்டி, இடது கையால் பிடியை அமுக்கி, வலது கையால் குழாயை வீசியபடி முட்டைக்கோஸ் வயல்களில் இருபத்தோரு வருடம் நடந்தவருக்கு வேறு பெயர் ஒட்டவும் ஒட்டாது.

அதற்கு முன்னால் அவர் பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறை ஒன்றில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். துப்பாக்கி மாதிரியான கருவியால் தகரத்தின் மேல் வண்ணத்தை ஊதுகிற வேலை. ஓரிடத்தில் கூடக்கூடாது, ஓரிடத்தில் குறையக்கூடாது, வழியவும் கூடாது. அதற்கான கை அவருக்கு வாய்த்திருந்தது. பட்டறையை இழுத்து மூடியதும் நாலு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தார். மனைவியின் அண்ணன் பூச்சிமருந்துக் கடை வைத்திருந்தார். ஒரு நாள் அவர் ஒரு பம்பைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார்.

"மாப்பிள்ளை, பெயின்ட்டும் இதுவும் ஒண்ணுதான். பஸ் அசையாம நிக்கும், நீங்க அடிச்சீங்க. கோஸும் அசையாமத்தான் நிக்குது. அடிங்க."

அப்படி ஆரம்பித்தது. ஊரைச் சுற்றி நாற்பது பேருக்கு மேல் கோஸ் போட்டார்கள். லாரி நிற்கிற எடைமேடை வரைக்கும் இரண்டு பக்கமும் கோஸ்தான். மருந்தடிக்கிற மற்றவர்கள் மேலாக அடித்துவிட்டுப் போவார்கள். பம்பு குனிந்து, குழாயின் மூக்கைத் திருப்பி, இலையின் அடிப்பக்கத்தையும் நனைப்பார். புழு அங்கேதான் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று ஒரு சிட்டிகை மண்ணைத் தூவிப் பார்க்காமல் வயலில் இறங்க மாட்டார். பேச்சு குறைவு. வேலையைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. அது ஒன்றுதான் அவர் தனக்கென்று வைத்திருந்த பெருமை.

அவர் மனைவி சட்டை தைக்கும் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தார். மேசை மேல் குவிகிற சட்டைகளில் காலர் கோணியிருக்கிறதா, பொத்தான் தொங்குகிறதா என்று பார்ப்பது வேலை. இரண்டு அறை வீடு. பின்பக்கச் சுவரில் ஓர் ஆணி, அதற்குக் கீழே ஒரு சிவப்பு வாளி. மருந்தடித்துவிட்டு வந்தால் உடுப்பை அந்த ஆணியில் கழற்றி மாட்டிவிட்டு, குளித்த பிறகுதான் உள்ளே காலெடுத்து வைக்க வேண்டும். இதில் மனைவி எள்ளளவும் விட்டுக்கொடுத்ததில்லை.

"எனக்கு வாடையே தெரியல, உனக்கு மட்டும் எப்படித் தெரியுது?" என்று பம்பு ஒரு தடவை கேட்டார்.

"உங்களுக்கு வாடை தெரியாமப் போய் ஆறு வருஷம் ஆச்சு. சாப்பாடு தீஞ்சா யாரு சொல்றது? நான்தானே," என்றார் மனைவி.

உண்மைதான். விரல் நுனிகளும் சில நாள் காலையில் மரத்துப்போயிருந்தன. உதறினால் சரியாகிவிடும் என்று உதறிக்கொண்டிருந்தார்.

இருபத்தோராம் வருடம் புழு சாகவில்லை.

பெரிய புழு இல்லை. ஒரு விரற்கடைக்கும் குறைவு. பச்சை நிறம். தொட்டால் பின்பக்கமாகத் துள்ளி, ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு இலையிலிருந்து தொங்கும். இலையை அடியிலிருந்து சுரண்டித் தின்று மேல்தோலை மட்டும் விட்டுவைக்கும். வெயிலில் பிடித்துப் பார்த்தால் கண்ணாடிச் சில்லு பதித்த மாதிரி இருக்கும். பிறகு அந்தத் தோலும் கிழிந்து ஓட்டையாகிவிடும். வருடா வருடம் பார்க்கிற புழுதான். திங்கட்கிழமை அடித்தால் புதன்கிழமைக்குள் உதிர்ந்துவிடும். இந்த முறை திங்கட்கிழமை அடித்தது, வியாழக்கிழமை போய்ப் பார்த்தால் எல்லாம் சுகமாகத் தின்றுகொண்டிருந்தன.

மச்சான் வேறு மருந்து கொடுத்தார். அதற்கும் சாகவில்லை. இரண்டைக் கலந்து அடிக்கச் சொன்னார். கண் எரிந்தது பம்புக்குத்தான், புழுவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதிக வயல் வைத்திருந்தவர் மாடிவீட்டுக்காரர். எடைமேடைக்கு எதிரே இரண்டு அடுக்கு வீடு, மாடியில் நின்று பார்த்தால் தன் வயல் முழுவதும் தெரியும்படி கட்டியிருந்தார். ஒரு காலை நேரம் எடைமேடைப் பக்கத்து டீக்கடையில் பதினைந்து பேர் நிற்கும்போது அவர் பம்புவைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்யா பம்பு, டப்பாவுல என்ன ஊத்துற? மருந்தா, தண்ணியா?"

"மருந்துதாங்க. நீங்க வாங்கிக் குடுத்ததத்தான் ஊத்தினேன்."

"நான் குடுத்தது பத்து பாட்டில். பத்தும் வயலுக்குள்ள போச்சா, பாதி கடைக்கே திரும்பிப் போச்சா? கடை உன் மச்சானுதுதானே!"

யாரோ சிரித்தார்கள். பம்பு கையிலிருந்த டீயைக் குடிக்காமல் கடைப் பலகையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். அந்த வாரத்திலேயே மூன்று பேர் வேறு ஆளை வைத்து அடித்துக்கொண்டார்கள். அந்த ஆள் அடித்தும் புழு சாகவில்லை. ஆனால் அதை யாரும் டீக்கடையில் பேசவில்லை.

வீட்டில் அவர் இதைச் சொல்ல இரண்டு நாள் ஆயிற்று. சொன்னபோதும் கதையாகச் சொல்லவில்லை, "மருந்துன்னு தண்ணி அடிக்கிறேனாம்" என்று ஒரே ஒரு வார்த்தைதான். மனைவி கேட்டுவிட்டு அரிசி களைந்துகொண்டே இருந்தார். பிறகு, "எத்தனை புழு செத்துச்சு, எத்தனை சாகல?" என்று கேட்டார்.

"நிறைய சாகல."

"நிறையன்னா எத்தனை?"

"அதை எப்படி எண்றது? ஒரு வயல்ல பத்தாயிரம் செடி இருக்கும்."

"எங்க கம்பெனியில ஒரு நாளைக்கு நாலாயிரம் சட்டை. நான் என்ன நாலாயிரத்தையுமா விரிச்சுப் பாக்குறேன்? இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு உருவிப் பாக்குறதுதான். உருவினதுல இத்தனைக்கு மேல கெட்டிருந்தா மொத்தமும் திரும்பிப் போயிடும். வர்ற ஞாயித்துக்கிழமை என்னையும் கூட்டிட்டுப் போங்க."

ஞாயிற்றுக்கிழமை போனார்கள். மாடிவீட்டுக்காரர் வயலுக்கு இல்லை, ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருடைய வயலுக்கு. ஓய்வுக்குப் பிறகுதான் கோஸ் போட ஆரம்பித்தவர் அவர். சின்ன இடம், தொள்ளாயிரம் செடிக்கு மேல் இராது. அவர் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார்.

"இத்தனை வருஷம் எத்தனையோ லெட்டர் விலாசம் தப்பிப் போயிருக்கு. இந்தப் புழு மட்டும் விலாசமே இல்லாம நேரா என் வயலுக்கு வந்துடுச்சு, பாத்தீங்களா?" என்றார்.

மனைவி நேர் வரிசையில் நடக்கவில்லை. கோணல் மாணலாக நடந்து, ஓரத்தில் நாலு, நடுவில் எட்டு, அந்தக் கோடியில் எட்டு என்று இருபது செடிகளைப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் இலையைத் திருப்பி எண்ணினார். நூற்று எழுபத்து மூன்று. மூன்று நாளைக்கு முன்னால்தான் மருந்தடித்த வயல் அது.

அங்கிருந்து ஒரு பொட்டலத்தில் புழுக்களைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். வீட்டில் பழைய சாப்பாட்டு டப்பாக்கள் நாலு கிடந்தன, மூடியில் விரிசல் விட்டவை. மனைவி ஊசியைச் சுட்டு மூடிகளில் ஓட்டை போட்டார். பின்கட்டில், சிவப்பு வாளிக்குப் பக்கத்தில், பம்பு கையுறை போட்டுக்கொண்டு மருந்தைக் கலந்தார். முதல் டப்பாவுக்கு வெறும் தண்ணீரில் நனைத்த இலை. இரண்டாவதற்குப் பாட்டிலில் எழுதியிருந்த அளவு. மூன்றாவதற்கு அதில் இரண்டு மடங்கு. நாலாவதற்கு நாலு மடங்கு. இலைகளை உலர்த்தி, டப்பாவுக்குப் பத்துப் புழு விட்டு மூடி, பின்கட்டுச் சுவர் மேல் நிழலில் வரிசையாக வைத்தார்.

மூன்றாம் நாள் காலை, மனைவி வேலைக்குக் கிளம்பும் முன் இருவருமாகத் திறந்து பார்த்தார்கள். தண்ணீர் டப்பாவில் பத்தும் உயிரோடு இருந்தன. இரண்டாவதில் ஒன்பது. மூன்றாவதில் ஒன்பது. நாலு மடங்கு ஊற்றிய டப்பாவில் ஏழு. அந்த ஏழில் ஒன்று இலையின் மடிப்பில் மெல்லிய வலை பின்னிக்கொண்டு, கூட்டுப்புழுவாகிப் படுத்துவிட்டிருந்தது.

"தண்ணி இல்ல பாருங்க," என்றார் மனைவி. "மருந்துதான். மருந்துதான் தண்ணி மாதிரி ஆயிடுச்சு."

பம்புவுக்கு நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். தன் கை சுத்தம் என்பதற்கு நாலு டப்பா சாட்சி இருந்தது. ஆனால் அன்று முழுவதும் அவர் அந்த ஏழு புழுவையே நினைத்துக்கொண்டிருந்தார். நாலு மடங்கு மருந்தை அவர் மேல் ஊற்றியிருந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்திருக்கும்.

மறுநாள் டப்பாக்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு மச்சான் கடைக்குப் போனார். மனைவியும் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். அண்ணனிடம் இவர் தனியாகப் போனால் வாயைத் திறக்காமல் திரும்பிவிடுவார் என்று அவருக்குத் தெரியும்.

மச்சான் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுச் சட்டென்று மூடினார். "என்ன மாப்பிள்ளை, இப்ப புழு வளக்க ஆரம்பிச்சுட்டீங்களா? கடைக்குள்ள கொண்டுவந்து கொட்டிடாதீங்க."

"நீங்க குடுத்த மருந்துதான் மச்சான். நாலு மடங்கு."

"சரக்கு பழசா இருக்கும். இந்தா, இது புதுசு, போன வாரம்தான் வந்துச்சு." அலமாரியிலிருந்து மூன்று பாட்டில்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று சிவப்பு மூடி, ஒன்று நீலம், ஒன்றில் பாயும் புலி படம்.

மனைவி மூன்றையும் கையில் எடுத்துத் திருப்பினார். பின்பக்கத்து எழுத்து எறும்பு வரிசை போல் இருந்தது. கம்பெனியில் நூல் எண்ணுகிற கண் அது. ஒன்றை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார், மறுபடி முதலாவதை எடுத்தார்.

"அண்ணே, இந்த மூணுக்கும் பேருதான் வேற. உள்ள இருக்கிற மருந்து ஒண்ணுதான். இங்க பாருங்க, இந்தக் கடைசி வரி. மூணுலயும் அதே பேரு."

மச்சான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"எங்க கம்பெனியிலயும் இப்படித்தான். ஒரே துணி, ஒரே தையல். லேபிள் மட்டும் மூணு," என்றார் மனைவி.

மச்சான் ஏமாற்றுகிறவர் இல்லை. அவருக்கும் விற்பனைப் பிரதிநிதி வந்து சொல்வதுதான் தெரியும். வருடா வருடம் மருந்தை மாற்றிக் கொடுப்பதாக நம்பிக்கொண்டு, பதினைந்து வருடமாக ஒன்றையே கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஆனால் அதைத் தங்கை வாயால், கடையில் வேறு இரண்டு பேர் நிற்கும்போது கேட்டது அவருக்கு எரிச்சலாக இருந்தது.

"நாளைக்கு எல்லாரும் டப்பாவைத் தூக்கிட்டு வந்து நின்னா நான் கடைய மூடிட்டுப் போக வேண்டியதுதான்," என்றார். "எதுக்கும் வேளாண்மை ஆபீஸ்ல காட்டுங்க. அவங்களுக்குத்தான் இதுக்குச் சம்பளம்."

வேளாண்மை அலுவலகத்தில் பூச்சிகளுக்கென்று ஓர் அதிகாரி இருந்தார். நடுவயதுப் பெண்மணி. மேசை நிறைய கோப்புகள், அவற்றுக்கு மேல் அட்டைப்பெட்டியில் ஊசி குத்திய அந்துப்பூச்சிகள். யாராவது புழுவோடு வந்தால் அவர் முகம் மலர்ந்துவிடும் என்று அலுவலகத்தில் கேலி உண்டு. நாலு டப்பாவையும் திறந்து, ஒவ்வொன்றிலும் எண்ணி, "தண்ணியில நனைச்ச இலையும் வெச்சிருக்கீங்களே, அதை யாரு சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டார்.

"இவங்கதான்," என்று பம்பு மனைவியைக் காட்டினார்.

அதிகாரி சுற்றி வளைக்கவில்லை. "நீங்க முதல்ல அடிச்சப்ப நூறுல தொண்ணூத்தொம்பது செத்துருக்கும். தப்பிச்ச ஒண்ணு முட்டை போட்டிருக்கும். அதோட குஞ்சுங்களுக்கு அந்த மருந்து ஏறாது. இதுக்கு ஒரு தலைமுறை மூணே வாரம். எத்தனை வருஷமா அடிக்கிறீங்க?"

"இருபத்தொண்ணு."

"அப்ப முந்நூறு தலைமுறைக்கு மேல. இப்ப வயல்ல இருக்கிறது எல்லாம் மருந்துக்குத் தப்பிச்ச வம்சம்தான்."

"அப்ப நான்தான் வளத்து விட்டிருக்கேன்," என்றார் பம்பு.

அதிகாரி மறுக்கவில்லை. "நீங்க மட்டும் இல்ல. ஆனா நல்லா அடிக்கிறவங்க வயல்ல இது சீக்கிரம் நடக்கும்," என்றார்.

பிறகு செய்ய வேண்டியதைச் சொன்னார். அறுத்த வயலில் கட்டையை விட்டுவைக்காமல் உடனே உழுது புதைக்க வேண்டும். அடுத்த நடவுக்குப் பதினைந்து நாள் முன்னால் ஓரத்திலும் நடுவிலும் கடுகு விதைக்க வேண்டும். அந்துப்பூச்சிக்குக் கோஸைவிடக் கடுகு மேல்தான் ஆசை அதிகம், முட்டையை அங்கே கொண்டுபோய் வைக்கும். மருந்தைக் கிழமை பார்த்து அடிக்கக்கூடாது, புழுவை எண்ணிப் பார்த்து, இருபது செடிக்கு இருபத்தைந்தைத் தாண்டினால்தான் அடிக்க வேண்டும். அடிப்பதாக இருந்தால், புழுவின் வயிற்றை மட்டும் கெடுக்கிற ஒரு நுண்ணுயிர்ப் பொடி உண்டு, அதை வெயில் தாழ்ந்த பிறகு அடிக்க வேண்டும். முக்கியமாக, ஒரு குட்டிக் குளவி இருக்கிறது, கொசு அளவுதான். புழுவுக்குள்ளேயே முட்டையிட்டு அதைக் கொன்றுவிடும். "புழுவ உங்க மருந்து கொல்லல. இந்தக் குளவியத்தான் கொன்னுருக்கு," என்றார்.

ஊரில் யாரும் கேட்கவில்லை. மருந்தடிக்கிறவன் மருந்து வேண்டாம் என்றால் மூளை பிசகிவிட்டது என்றுதான் நினைப்பார்கள். சம்மதித்தவர் தபால்காரர் ஒருவர்தான். அவர் வயலில் அறுக்க ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. "இழக்க ஏதாவது இருந்தாத்தானே பயப்படணும்? வாங்க, எண்ணுங்க. எனக்கும் பொழுது போகும்," என்றார்.

உழுது புதைத்தார்கள். கடுகு விதைத்தார்கள். நாற்று நட்டார்கள். வாரம் இரண்டு முறை பம்பு தெளிப்பான் இல்லாத வெறும் முதுகோடு அந்த வயலில் நடந்தார். முதல் நாட்களில் கை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. இடது கை தானாக மேலும் கீழும் ஆடியது. தபால்காரர் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும், "என் தோளும் அப்படித்தான். பை இல்லாம ஒரு வருஷம் ஒரு பக்கமாச் சாஞ்சே நடந்தேன்," என்றார்.

கடுகுச் செடிகளில் புழு நெளிந்தது. கோஸில் முதல் மூன்று வாரம் இருபது செடிக்கு ஆறு, ஏழு என்று வந்தது. நாலாவது வாரம் இருபத்தொன்பது. அன்று மாலை பொடியைக் கரைத்து அடித்தார். ஐந்தாவது வாரம் இலையின் அடியில் ஏதோ வெள்ளையாக, அரிசிக் குருணை அளவுக்கு ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். பக்கத்தில் வற்றிப்போன புழு ஒன்று. அந்த இலையைக் கிள்ளி வீட்டுக்குக் கொண்டுவந்து டப்பாவில் போட்டார். ஆறு நாள் கழித்து மூடியைத் திறந்தபோது கறுப்பாக ஒன்று பறந்து மனைவியின் கன்னத்தில் உட்கார்ந்து, பிறகு ஜன்னல் வழியாகப் போய்விட்டது.

"இதுதானா அந்தக் குளவி?" என்றார் மனைவி. "இத்துணூண்டு இருக்கு!"

தபால்காரருக்கு அறுநூறு கோஸ் தேறின. வெளி இலைகள் ஓட்டை ஓட்டையாகத்தான் இருந்தன. அவற்றைக் களைந்தால் உள்ளே கெட்டியாக, வெள்ளையாக இருந்தது. அதே மாதத்தில் மாடிவீட்டுக்காரர் தன் வயலில் பாதியை டிராக்டர் விட்டு மடக்கி உழுதார். எடைமேடையில் தபால்காரரின் கோஸ் ஏறுவதை அவர் மாடியிலிருந்தே பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த நடவுக்கு முன் அவரிடமிருந்து ஆள் வந்தது. மன்னிப்பு ஒன்றும் வரவில்லை. "வந்து எண்ணச் சொன்னாரு" என்பதுதான் செய்தி. போகலாமா என்று பம்பு மனைவியைக் கேட்டார்.

"போங்க. ஆனா அடிச்சாலும் கூலி, அடிக்காட்டியும் அதே கூலின்னு முதல்லயே சொல்லிடுங்க. இல்லேன்னா அடிக்கத்தான் மனசு வரும்."

மாடிவீட்டுக்காரர் இதைக் கேட்டுக் கடகடவென்று சிரித்தார். "அடிக்காததுக்குக் கூலி வாங்குற ஆள இப்பத்தான்யா பாக்குறேன்," என்றார். ஆனால் ஒத்துக்கொண்டார்.

ஐந்தாவது வாரம் இருபது செடிக்குப் பதினெட்டுப் புழு. குளவியின் வெள்ளைக் குருணைகளும் ஒன்பது இருந்தன. இன்றைக்கு வேண்டாம் என்றார் பம்பு. மாடிவீட்டுக்காரர் இலையைப் பிய்த்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"என் கண்ணுக்கு முன்னாடி திங்குது. சும்மா இருன்னு சொல்றியா?"

"நாலு நாள் பொறுங்க. தினமும் வந்து எண்றேன்."

தினமும் போனார். பதினெட்டு, இருபது, இருபத்து மூன்று என்று ஏறியது. நாலாம் நாள் முப்பத்தொன்று. அன்று மாலையே பொடியைக் கரைத்து, ஒட்டுவதற்கான திரவத்தைச் சேர்த்து, வயல் முழுவதும் அடிப்பக்கம் நனைய அடித்தார். மறுநாள் காலை புழுக்கள் அப்படியே இருந்தன. மாடிவீட்டுக்காரர் வரப்பில் நின்று சத்தம் போட்டது சாலை வரை கேட்டது. வேலைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பம்பு ஓர் இலையைத் திருப்பிக் காட்டினார்.

"உசிரோட இருக்கு. ஆனா திங்கல. நேத்து இருந்த ஓட்டைதான் இன்னைக்கும் இருக்கு. இன்னும் ரெண்டு நாள்."

பொடியும் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டால் அவரிடம் வேறு எதுவும் இல்லை. மூன்றாம் நாள் போனபோது புழுக்கள் கறுத்து, துவண்டு, இலையில் ஈரக்கயிறு போலத் தொங்கின. குளவிகள் வழக்கம்போல் பறந்துகொண்டிருந்தன. மாடிவீட்டுக்காரர் கீழே இறங்கி வந்து பார்த்துவிட்டு, "சரி," என்றார். அவ்வளவுதான்.

அதன் பிறகு, இந்த இருவரோடு சேர்த்து ஒன்பது பேர் அவரை எண்ணக் கூப்பிட்டார்கள். மற்றவர்கள் பழையபடி கிழமைக்கு ஒரு தடவை அடித்துக்கொண்டிருந்தார்கள். மச்சான் கடை அலமாரியில் பாட்டில்களைக் கம்பெனிப்படி அடுக்காமல், உள்ளே இருக்கிற மருந்துப்படி அடுக்கினார். தங்கை சொல்லித்தான் செய்தேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. மனைவி கூட்டிப்போன டாக்டர் பம்புவின் இரத்தத்தைப் பரிசோதித்துவிட்டு, விரல் மரத்துப்போவது இதற்கு மேல் போகாது, ஆனால் முழுதாகச் சரியாகும் என்று சொல்ல முடியாது என்றார். மூக்குக்கு வாடை திரும்பவில்லை.

எண்ண ஆரம்பித்த மூன்றாவது வருடம் ஒரு தவறு நடந்தது. பத்து நாள் அடைமழை. மாடிவீட்டுக்காரர் வயலில் முழங்கால் வரை சேறு. பம்புவுக்கு அந்த வாரம் இடுப்பு வலி. நடுவில் இறங்காமல், வரப்போரமாகவே நடந்து இருபது செடியையும் எண்ணிவிட்டார். ஐந்துதான் வந்தது. மழை புழுவை அடித்துக்கொண்டு போய்விடும் என்பது ஓரளவு உண்மையும்கூட. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஆனால் நடுவில் இருந்தது வேறு புழு. குவியலாக முட்டையிடுகிற வகை, சாம்பல் நிறம், உடம்பில் கறுப்புப் புள்ளி. நடுவயலில் ஒரு பக்கம் முழுவதும் பொரித்து, மழை விட்டதும் பரவியது. எட்டு நாளில் கால் பங்கு வயல் நரம்பும் குச்சியுமாக நின்றது. குஞ்சுப் பருவத்தில் பார்த்திருந்தால் நாலு பேர் கையால் இலையோடு கிள்ளி எறிந்திருக்கலாம்.

யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. மழை என்றார்கள். மாடிவீட்டுக்காரரும் மழை என்றே நம்பிக்கொண்டிருந்தார். பம்பு அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். மனைவிக்கு அன்று லீவு.

"நடுவுல இறங்கலையா?" என்று கேட்டார் மனைவி.

"இல்ல."

"எங்க மேசையில மேலே கிடக்கிற சட்டைய மட்டும் பாத்துட்டு அனுப்புற ஆளுங்க உண்டு. மாட்டிக்கவே மாட்டாங்க," என்றார்.

சாயங்காலம் பம்பு மாடிவீட்டுப் படி ஏறினார். அத்தனை வருடத்தில் அந்த வீட்டின் மாடிக்கு அவர் போனது அதுதான் முதல் முறை. மாடிவீட்டுக்காரர் நாற்காலியில் சாய்ந்து வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலிருந்து பார்க்கும்போது அந்தக் கால் பங்கு, பச்சைத் துணியில் எரிந்த இடம் போலத் துல்லியமாகத் தெரிந்தது.

"மழை இல்லீங்க," என்றார் பம்பு. "நான் ஓரத்துலயே நின்னு எண்ணிட்டேன். நடுவுல போகல. போயிருந்தா தெரிஞ்சிருக்கும்."

மாடிவீட்டுக்காரர் திரும்பி அவரைப் பார்த்தார்.

"செய்யாததுக்கு அன்னைக்கு டீக்கடையில உன்னைய அந்தப் பேச்சு பேசினேன்," என்றார். "இன்னைக்குச் செஞ்சேன்னு நீயே வந்து நிக்குற. நான் என்னய்யா சொல்றது?"

"எது வேணாலும் சொல்லுங்க."

"போய் வேலையப் பாரு."

அது வேலையை விட்டு நிறுத்தியதா, தொடரச் சொன்னதா என்று பம்புவுக்குப் புரியவில்லை. ஒரு மாதம் கூப்பிடவில்லை. அந்த மாதத்தில் அவர் மற்ற எட்டு வயல்களிலும் எண்ணினார். எந்த வயலானாலும் முதல் எட்டுச் செடியை நட்ட நடுவில் எடுத்தார். முழங்கால் வரை சேறானால் சேற்றோடு வீடு வந்தார், மனைவி பின்கட்டிலேயே நிறுத்திக் காலில் தண்ணீர் ஊற்றினார். மாடிவீட்டுக்காரர் அடுத்த நடவுக்குக் கடுகு விதைத்த மூன்றாம் நாள் ஆள் அனுப்பினார். பம்பு போனார்.